ஒரு சீல் மட்டும் போடுங்க அண்ணாச்சி

கல்லூரி மாணவர்கள் ஊர்க்கடைகளுக்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங் திட்டம் எழுதிக்கொடுப்பதைப் போற்றி, சென்ற இதழில் பேராசிரியர் ஒருவர் நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். நீளத்தைக் கழித்துவிட்டால் அவர் வாதம் நான்கு வரியில் அடங்கும். கன்சல்டன்ட் ஆயிரக்கணக்கில் கேட்கும் திட்டத்தை மாணவர்கள் இலவசமாகத் தருகிறார்கள். மாணவருக்கு அனுபவம், கடைக்காரருக்கு வியாபாரம். கூகுளே உலக அளவில் இப்படி ஒரு போட்டி நடத்தியிருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் திட்டத்தை அலமாரியில் போட்டு வைக்கிற கடைக்காரர் காலத்தோடு ஒட்டத் தெரியாதவர்.

நான்குமே தப்பு. நான் விருதுநகர் மாவட்டத்தில் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறவன். பேராசிரியர் சொல்லும் அலமாரியிலிருந்து அந்தத் திட்டங்கள் கடைசியில் என் மேஜைக்குத்தான் வருகின்றன, "இதுல நாம ஏதாச்சும் கட்டணுமா சார்?" என்ற கேள்வியோடு.

முதலில் அந்த இலவசம். கடைக்காரருக்கு என்ன செலவாகிறது என்று பேராசிரியர் எண்ணிப் பார்க்கவே இல்லை. பருவத்தேர்வு நெருங்கும்போது பிள்ளைகள் நான்கைந்து பேராக வருவார்கள். சாயங்காலம், கல்லாவில் கூட்டம் நிற்கும் நேரம். அவர்களுக்கும் வேறு நேரம் கிடையாது, வகுப்பு முடிந்து வந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையில் நான் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது நடந்த பேட்டி இது.

"அண்ணாச்சி, உங்க டார்கெட் ஆடியன்ஸ் யாரு?"

"அப்படின்னா?"

"உங்ககிட்ட யார் வாங்குவாங்க?"

"வர்றவங்க வாங்குவாங்க தம்பி."

கேலியாகச் சொன்னதில்லை அது. எங்கிருந்து வருகிறார்கள், எந்த மாதத்தில், கால் கிலோவா ஐந்து கிலோவா என்று ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் போதும், மனிதர் கல்லாவை மறந்து பேசியிருப்பார். ஊர் இருப்பது மதுரை-கொல்லம் சாலையில். சாரல் சீசனில் குற்றாலத்துக்குப் போகும் கார்கள், கார்த்திகை மார்கழியில் சபரிமலை வேன்கள், ஆடிப்பூரத் தேருக்கு வந்து இறங்கும் கூட்டம் என்று அவருடைய வருஷமே இப்படித்தான் ஓடுகிறது. பையன் நோட்டில் 'ஆல் ஏஜ் குரூப்ஸ்' என்று எழுதிக்கொண்டான். வாசலில் நின்று போட்டோ எடுத்தார்கள். அதன்பிறகுதான் வந்த காரியம் வெளியே வந்தது. "காலேஜ்ல கேட்பாங்க. ஒரு சீல் மட்டும் போடுங்க அண்ணாச்சி."

அறிக்கையின் ஒரு பிரதி பின்னர் கடைக்கு வந்தது. ஸ்பைரல் பைண்டிங், வழவழப்பான அட்டை, உள்ளே ஸ்வாட் அனாலிசிஸ், அதற்குப் பிறகு ஒரு கற்பனை வாடிக்கையாளர்: 28 வயது, ஐடி வேலை, வார இறுதியில் பயணம், காபி பிடிக்கும். நடுவில் ஓரிடத்தில் 'நமது பேக்கரியின் கேக் வகைகள்' என்று வருகிறது. யாருடைய பேக்கரி, எந்த ஊர்க் கேக் என்று யாரும் கேட்கவில்லை. மதிப்பெண் போட்டவரும் அந்தப் பக்கம் வரை வரவில்லை போலிருக்கிறது. ஓராண்டு கன்டென்ட் காலண்டர் என்று ஒரு அட்டவணை இருந்தது. காதலர் தினம் இருக்கிறது, மகளிர் தினம் இருக்கிறது, சர்வதேச யோகா தினத்துக்குக்கூட ஒரு பால்கோவா பதிவு இருக்கிறது. ஆடிப்பூரம் இல்லை. ஆண்டாள் ஊரில் உட்கார்ந்து எழுதிய காலண்டரில் ஆடிப்பூரம் இல்லையென்றால், அதை எழுதியவர் அந்த ஊருக்கு வரவில்லை, சீலுக்கு மட்டும் வந்திருக்கிறார்.

திட்டத்தின் உயிர் பட்ஜெட் என்று பேராசிரியரே எழுதியிருக்கிறார். சரி, பட்ஜெட்டையே பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய்க்கு இன்ஸ்டாகிராம், கூகுள் விளம்பரம். அதன்மேல் 18% ஜிஎஸ்டி 2,700 ரூபாய். ஆக 17,700. கிலோவுக்கு எல்லாச் செலவும் போகக் கையில் 40 ரூபாய் நிற்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், விளம்பரக் காசை எடுக்கவே மாதம் 443 கிலோ கூடுதலாக விற்க வேண்டும். ஒரு நாளைக்கு 15 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதற்குப் பால் எங்கே, அடுப்பு எங்கே, கடாய் முன்னால் நின்று கிண்ட ஆள் எங்கே? அறிக்கையில் 'ரிட்டர்ன் ஆன் இன்வெஸ்ட்மென்ட்' என்று தலைப்பு மட்டும் இருக்கிறது, அதன் கீழே ஏறுமுகமாக ஒரு வரைபடம். அச்சில் எண்கள் இல்லை.

இதையாவது கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். அடுத்தது கடையை வம்பில் மாட்டுகிற விஷயம். பெங்களூரு, மும்பை என்று 'பான் இந்தியா' ஆர்டர் பிடிக்க வேண்டும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் முதல் பரிந்துரை. கடை ஜிஎஸ்டியில் காம்போசிஷன் முறையில் இருக்கிறது. விற்றுமுதலில் 1% வரி கட்டிவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு படிவமும் வருஷத்துக்கு ஒரு ரிட்டர்னும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க வழி செய்கிற முறை அது. அதில் இருப்பவர் சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. 2023 அக்டோபர் முதல் ஆன்லைன் தளங்கள் வழியாக விற்க அனுமதி வந்தது, அதுவும் மாநிலத்துக்குள் மட்டும். பெங்களூருக்கு ஒரு பார்சல் போனாலும் அந்த முறையிலிருந்து வெளியே வர வேண்டும், மறைத்து விற்றுப் பிடிபட்டால் வரியும் அபராதமும் தனி. விளம்பரத்துக்குக் கட்டிய அந்த 2,700 ரூபாயைக் காம்போசிஷன்காரர் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கவும் முடியாது.

இதெல்லாம் இருபது வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று பேராசிரியர் கேட்கலாம். அவர்கள் வணிகவியல் மாணவர்கள். ஜிஎஸ்டி அவர்களுக்குப் பாடம். அதோடு காம்போசிஷனில் இருக்கும் கடை அதைப் பெயர்ப்பலகையிலேயே எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. இந்தக் கடையிலும் எழுதியிருக்கிறது. அறிக்கையின் அட்டைப்படத்தில், சிரித்துக்கொண்டு நிற்கும் ஐந்து பேரின் தலைக்கு மேல், 'காம்போசிஷன் டாக்ஸபிள் பர்சன்' என்ற எழுத்துகள் பளிச்சென்று தெரிகின்றன.

பக்கத்தில் சிவகாசிக்குப் போனால் இன்னும் வேடிக்கை. பட்டாசுக் கடைக்கு ஒரு திட்டம்: வெப்சைட், கார்ட், ஆன்லைன் பேமென்ட், கூரியர் டெலிவரி. பட்டாசை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்றே சொல்லிவிட்டது. அதை மீறி விற்கிறவர்கள் இல்லாமலில்லை, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு கல்லூரி அதைப் படிப்பின் பெயரால் எழுதிக் கொடுத்து, துறைத்தலைவர் கையெழுத்தும் போட்டு அனுப்பலாமா? இன்னொரு குழு நாட்டு மருந்துக் கடைக்குச் சர்க்கரை நோயை விரட்டும் பொடி என்று கேன்வாவில் அழகாக ஒரு போஸ்டர் செய்து கொடுத்திருந்தது. குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது, அந்தப் பட்டியலில் சர்க்கரை நோய் இருக்கிறது. போஸ்டரை ஒட்டியிருந்தால் மாட்டுகிறவர் கடைக்காரர். மாணவர் அதற்குள் பட்டம் வாங்கிப் போயிருப்பார்.

கூகுள் போட்டியைப் பேராசிரியர் தன் பிரம்மாஸ்திரமாக எடுத்து வீசியிருக்கிறார். அது எப்படி நடந்தது என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். 2008-இல் தொடங்கி 2017 வரை நடந்த ஆன்லைன் மார்க்கெட்டிங் போட்டி அது. மாணவர் குழுவுக்கு விளம்பரம் செய்யக் கூகுள் பணம் கொடுத்தது, முதலில் 200 டாலர், பின்னர் 250 டாலர். குழு ஒரு நிஜமான நிறுவனத்தைப் பிடித்து, அவர்களோடு பேசி, மூன்று வார காலம் விளம்பரத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டுவதற்கு முன் ஒரு அறிக்கை, ஓட்டிய பின் ஒரு அறிக்கை. எந்தச் சொல்லுக்கு எத்தனை கிளிக், காசு எங்கே வீணானது என்பதெல்லாம் மதிப்பீட்டில் வந்தது. முதல் அறிக்கை எழுதிய கையே தோல்வியை இரண்டாவது அறிக்கையில் எழுத வேண்டியிருந்தது. நம் ஊர் வழக்கத்தில் இரண்டாவது அறிக்கை என்று ஒன்று கிடையாது. காசு கொடுப்பாரும் கிடையாது. இதை வைத்துக் கூகுள் போட்டியோடு உறவு கொண்டாடுவது, கல்யாணப் பத்திரிகை அடித்ததோடு கல்யாணம் முடிந்துவிட்டது என்பதைப் போல.

கடைக்காரர் அறியாமை பற்றி அவர் எழுதியிருக்கும் பத்திதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டியது. யுபிஐ 2016-இல் வந்தது. இன்று தள்ளுவண்டியில் பனங்கிழங்கு விற்கிற ஆத்தா வரைக்கும் கியூஆர் அட்டை தொங்குகிறது. எந்தக் கல்லூரி போய்ப் பவர்பாயின்ட் போட்டுக் காட்டியது? வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பது, ஸ்டேட்டஸில் புதுச் சரக்கைப் போடுவது, வரும் வேன் டிரைவரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்வது எல்லாம் இவர்களாகவே பழகிக்கொண்டது. கல்லாவில் காசு விழும் என்று தெரிந்தால் அன்றைக்கே பிடித்துக்கொள்வார்கள். உங்கள் திட்டத்தைப் பிடிக்கவில்லையென்றால் திட்டத்தைப் பாருங்கள் ஐயா, ஆளை ஏன் பார்க்கிறீர்கள்?

பரிந்துரையோடு நிற்காமல் செய்தே கொடுத்த குழுக்களும் உண்டு. அந்தக் கதை இன்னும் மோசம். கடையின் கூகுள் பிசினஸ் புரொஃபைல் மாணவரின் ஜிமெயிலில் தொடங்கப்பட்டிருக்கும், ஓடிபி அவர் நம்பருக்குப் போகும். அவர் ஓசூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போனபின் கடை நேரத்தை மாற்றக்கூட உரிமையாளரால் முடியாது. உரிமை கோரி வாங்க வழி இருக்கிறது, ஆனால் அதைச் செய்ய இன்னொரு ஆளைத் தேட வேண்டும். அந்தப் புரொஃபைலோடு கூகுள் தந்த இலவச இணையப் பக்கங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. 'இணையதளம் உருவாக்கப்பட்டது' என்று அதை வைத்து மதிப்பெண் வாங்கியவர்கள் ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். ஸ்வீட் பெட்டியில் அந்த முகவரியை அச்சடித்தவர்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. ரிவ்யூ எண்ணிக்கை உயர்ந்ததைச் சாதனையாகக் கட்டுரை சொல்கிறது. வகுப்பே உட்கார்ந்து ஐந்து நட்சத்திரம் போட்டால் உயராமல் என்ன செய்யும்? போலி மதிப்புரை கூகுளின் விதிப்படியே குற்றம். இணைய மதிப்புரைகளுக்கென்று 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஒரு தரவிதியே வெளியிட்டிருக்கிறது.

பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2022 மார்ச் 1-இல் தொடங்கிய தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்துக்குப் பிறகு டிஜிட்டல் மார்க்கெட்டிங் பாடம் சிறிய ஊர்க் கலைக் கல்லூரி வரை வந்துவிட்டது, அது நல்லதே. சாத்தூரில் ஒரு சேவுக் கடைக்கு வந்த பெண் ஒருத்தி எதையும் எழுதிக்கொள்வதற்கு முன்னால் பில் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். பார்த்தாள். மேப்பில் கடை நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கம் காட்டுவதையும், ஞாயிறு விடுமுறை என்று தப்பாகப் போட்டிருப்பதையும் கண்டுபிடித்தாள். ஞாயிறு அந்தக் கடைக்குப் பெரிய வியாபார நாள். உரிமையாளரின் போனிலேயே, அவர் கையாலேயே இரண்டையும் திருத்த வைத்தாள். விலைப்பலகையைப் படமெடுத்து ஏற்றினாள். அவ்வளவுதான் வேலை. அவளுடைய அறிக்கை மெலிந்து இருந்ததாகவும், ஸ்வாட் இல்லையென்று மதிப்பெண் குறைந்ததாகவும் கேள்விப்பட்டேன். பேராசிரியர் பதில் எழுத நினைத்தால் இதற்கு எழுதட்டும். எந்த வேலைக்கு மதிப்பெண் ஏறுகிறது, எந்த வேலைக்கு இறங்குகிறது, அதை முடிவு செய்பவர் கடைப்பக்கம் எப்போதாவது எட்டிப் பார்த்திருக்கிறாரா? பாதி மதிப்பெண்ணைக் கடைக்காரர் கையில் கொடுத்து, வைவாவைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நடத்தினால், 28 வயது ஐடி ஊழியர் முதல் கேள்வியிலேயே காணாமல் போய்விடுவார்.

கட்டுரையின் கடைசியில் ஒரு யோசனை வேறு. பங்கேற்கும் கடைகளுக்குக் கல்லூரி சார்பில் 'டிஜிட்டல் தயார்' என்று சான்றிதழ் வழங்கிச் சுவரில் மாட்டச் சொல்ல வேண்டுமாம். பால்கோவா கடைச் சுவரில் ஜிஎஸ்டி சான்றிதழ் இருக்கிறது, உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறது, நகராட்சி உரிமம் இருக்கிறது, தராசுக்கு முத்திரை வைத்த சான்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அவர் ஏதாவது ஒரு அலுவலகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் சான்றிதழுக்குப் பதில் சொல்லப்போவது யார் என்று அதன் கீழே ஒரு பெயரும் போன் நம்பரும் போட்டுத் தாருங்கள். ஆணி நான் வாங்கித் தருகிறேன்.