நுரைக்கு ஏன் இத்தனை மரியாதை?

நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை வேரோடிப் போயிருக்கிறது: நுரை பொங்கினால்தான் பாத்திரம் சுத்தம். பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணிடம் "சோப்பைக் கொஞ்சமா போடும்மா" என்று சொல்லிப் பாருங்கள். "நுரையே வரலையே சார், அம்மா திட்டுவாங்க" என்பார். பல வருடம் வேதியியல் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நுரை வேறு, சுத்தம் வேறு.

சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு வால் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வாணலியில் ஒட்டியிருக்கும் எண்ணெய்க்குள் வால்கள் போய்ச் செருகிக்கொள்ளும். தலைகள் தண்ணீர்ப் பக்கம் பார்த்து நிற்கும். நார் போட்டுத் தேய்த்ததும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத சின்ன உருண்டைகளாகப் பிரிந்து தண்ணீரோடு போய்விடும். வேலை அவ்வளவுதான். நுரை என்பது சோப்புத் தண்ணீரில் சிக்கிய காற்று. பிசுக்கை எடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு இல்லை.

நம்பாதவர்களுக்கு ஒரு சாட்சி. முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கென்று விற்கிற பவுடரை, நுரை குறைவாக வரும்படி வேண்டுமென்றே தயாரிக்கிறார்கள். அதில் துவைத்த துணி வெளுக்காமலா இருக்கிறது?

நுரை வராததற்கு முக்கியமான காரணம் நம் போர் தண்ணீர். அதில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கின்றன. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்துச் சலவை சோப்பு இந்த மாதிரித் தண்ணீரில் பட்டால் திரிதிரியாக வெள்ளைக் கசடுதான் மிஞ்சும். இன்றைய பாத்திர சோப்பும் லிக்விடும் பெரும்பாலும் சோப்பே அல்ல, டிடர்ஜென்ட். உப்புத் தண்ணீரிலும் அவை ஓரளவு வேலை செய்யும், நுரை மட்டும் குறையும். அதைப் பார்த்துவிட்டு நாம் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பிழிகிறோம்.

நுரைக்கும் ஒரு உபயோகம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாத்திரம் முக்கும் தொட்டியில் முதலில் இருந்த நுரை அடங்கிவிட்டால், எண்ணெய் மிகுந்து சோப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது தண்ணீரை மாற்றலாம்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பீர்கள். சோப்பு விலையை விடுங்கள். முதல் நஷ்டம் கைக்கு. வாணலியின் எண்ணெய் எது, தோலின் எண்ணெய் எது என்று டிடர்ஜென்ட்டுக்குத் தெரியாது. இரண்டையும் எடுத்துவிடும். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவரின் விரல் இடுக்குகளைப் பாருங்கள், வெடித்துச் சிவந்திருக்கும். இரண்டாவது நஷ்டம் தண்ணீருக்கு. போட்ட நுரையை எல்லாம் அலசித் தள்ளத்தானே குழாயைத் திறந்துவிடுகிறோம்? மூன்றாவது ஊருக்கு. 2019 மழைக்காலத்தில் மெரினா கரையில் நுரை மலைபோல ஒதுங்கி, குழந்தைகள் அதில் விளையாடிய படங்கள் நினைவிருக்கலாம். சுத்திகரிக்காத கழிவுநீர் கடலில் கலந்ததுதான் காரணம் என்றார்கள். நம் சிங்க்கில் போனது எங்கேயோ போய்ச் சேரத்தானே வேண்டும்.

உடனே "அந்தக் காலத்துச் சாம்பலே மேல்" என்று கிளம்ப வேண்டாம். சாம்பலில் காரம் இருக்கிறது. அது பிசுக்கை எடுக்கும் என்பது உண்மை, ஆனால் கையையும் அரிக்கும். புளி எடுப்பது பித்தளையின் கறையை, எண்ணெயை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

நான் சொல்வது எளிதான விஷயம். எச்சிலை முதலில் வழித்துப் போடுங்கள். எண்ணெய்ச் சட்டியைப் பழைய பேப்பரால் துடைத்துவிடுங்கள். சோறு, மாவு ஒட்டிய பாத்திரத்தில் வெறும் தண்ணீர் ஊற்றி ஊறவையுங்கள். அது மாவுச்சத்து, அதற்குத் தேவை சோப்பு அல்ல, நேரம். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சின்ன ஸ்பூன் லிக்விடைக் கரைத்து, அதில் நாரைத் தோய்த்துத் தேய்த்தால் ஒரு குடும்பத்தின் ஒருவேளைப் பாத்திரத்துக்குப் போதும். பிசுக்கு அதிகமென்றால் வெதுவெதுப்பான தண்ணீர் சேருங்கள்.

சுத்தமா என்று தெரிய வேண்டுமானால், அலசிய தட்டை விரலால் தடவிப் பாருங்கள். வழுக்காமல் கிறீச்சிட்டால் சுத்தம். நுரையைப் பார்த்து யாரையும் திட்டாதீர்கள். வேலை முடிந்து கிளம்புகிறவர் கையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் ஊற்றிவிடுங்கள். அது வேதியியலும்கூட.