சிவலோக பதவியும் கால் பக்க விளம்பரமும்



ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவையடுத்த டீக்கடை ஒன்றில் சென்ற மாதம் பத்திரிகை படித்துக் கொண்டிருந்தோம். ஒரு பெரிய மனிதர் “சிவலோக பதவி அடைந்தார்” என்று கால் பக்கத்திற்குப் படத்தோடு போட்டிருந்தது. பதவி என்றால் அதைக் கொடுத்தவர் யார், உத்தரவைக் கண்ணால் பார்த்தவர் எவர் என்கின்ற விபரம் ஒன்றுமில்லை. போகட்டும், அம்மனிதர் உயிரோடிருந்த காலத்தில் என்ன தொழில் செய்தார், ஊருக்கு என்ன உபகாரம் செய்தார் என்றாவது இருக்கின்றதா என்று பார்த்தால், அதுவும் இல்லை. பேரன் பேத்திகளின் பெயர்களும் கருமாதித் தேதியுமே இருந்தன.

அதே வாரத்தில், முப்பது வருஷகாலம் அந்தத் தெருவில் குப்பை கூட்டிய ஒரு அம்மாளும் இறந்துபோனார். அவருக்குப் பத்திரிகையில் ஒரு வரியுமில்லை. பிள்ளைகள் கடன் வாங்கி அச்சடித்த “கண்ணீர் அஞ்சலி” நோட்டீஸ் பூந்தமல்லி ரோட்டுச் சுவரில் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் அதன்மேல் வீட்டுமனை விற்பனை நோட்டீஸை ஒட்டிவிட்டார்கள்.

இந்த வித்தியாசத்திற்குக் காரணம் என்ன? முன்னது சேதியல்ல, இடத்தை அளந்து காசு வாங்கிக்கொண்டு போட்ட விளம்பரம். ஆகவே “பிரமுகர்” என்பதற்குப் பத்திரிகை அகராதியில் காசு கொடுக்கக் கூடியவர் என்பதே அர்த்தமாகும்.

செத்தவர் சேதிக்கு இத்தனை பேச்சா என்று சிலர் கேட்கலாம். இத்தாலி தேசத்துப் பெர்காமோ பட்டணத்து உள்ளூர்ப் பத்திரிகை, கொரோனா காலத்தில் 2020 மார்ச் 13-ந் தேதி பத்துப் பக்கங்களுக்கு மரண அறிவிப்புகளையே போட்டது. ஊருக்கு வந்த ஆபத்தை உலகம் அந்தப் பக்கங்களில் கண்டது. நமது நாட்டிலும் 2021-ல் குஜராத்துப் பத்திரிகைகளில் மரண அறிவிப்புகள் பக்கம் பக்கமாகப் பெருகின. “திவ்ய பாஸ்கர்” என்னும் பத்திரிகை மரணச் சான்றிதழ்களை எண்ணிப் பார்த்தது. மார்ச் 1 முதல் மே 10 வரை சுமார் 1,23,000. முந்திய வருஷம் அதே நாட்களில் சுமார் 58,000. சர்க்கார் ஒப்புக்கொண்ட கொரோனாச் சாவோ சுமார் 4,200 தான்! சர்க்கார் மறைத்ததைச் சாவுப் பத்தி காட்டிக் கொடுத்துவிட்டது.

காசுள்ளவர்களின் சாவே இவ்வளவு உண்மையைச் சொல்லிற்றென்றால், காசில்லாதவர்களின் சாவும் அச்சேறியிருந்தால் இன்னும் எவ்வளவு தெரிந்திருக்கும்?

இந்த ஓரவஞ்சனை நமது ஊரில் மாத்திரமல்ல. 1851-ல் துவங்கிய “நியூயார்க் டைம்ஸ்”, தனது இரங்கல் பத்தி பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்களுக்கே இடங்கொடுத்து வந்ததென்று 2018-ல் தானே ஒப்புக்கொண்டு, விட்டுப்போனவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தது. 1931-ல் இறந்த ஐடா வெல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணிக்கு 87 வருஷம் கழித்து இடம் கிடைத்தது. தப்பை ஒப்புக்கொண்டதைப் பாராட்டுகின்றோம். ஆனால் நம்முடைய பத்திரிகைகளும் அத்தனை வருஷம் காத்திருக்க வேண்டுமா?

நாம் கேட்பது பெரிதல்ல. உள்ளூர்ப் பத்திரிகைகள் வாரம் ஒரு பத்தியைக் காசில்லாமல் ஒதுக்கட்டும். அதில் ஜாதிப் பட்டமும் வேண்டாம், மோட்சமும் வேண்டாம். பிறந்த வருஷம், செய்த வேலை, ஊருக்கு விட்டுப்போனது, செத்ததற்குக் காரணம் ஆகிய நான்கும் போதும். செத்தவரைக் குறை சொல்லக் கூடாதென்று பொய்ப் புகழ்ச்சியும் எழுத வேண்டியதில்லை.

பத்திரிகைக்காரர் மறுத்தால் நீங்கள் சும்மாயிருக்க வேண்டாம். உங்கள் தெருவில் ஒருவர் இறந்தால் அந்த நான்கையும் விசாரித்து எழுதிப் படத்திறப்பில் வாசியுங்கள். ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.

செத்தவர் எங்கே போனார் என்பது எவருக்கும் தெரியாது. எங்கே இருந்தார், எப்படி உழைத்தார் என்பதோ ஊருக்கே தெரியும். தெரிந்ததை விட்டுவிட்டுத் தெரியாததை அச்சடிப்பதற்கா பத்திரிகை?