பெரிய மனுசி

ஏழாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தைய வாரம் நான் பெரிய மனுசி ஆனேன். வீட்டை ஒட்டிப் பச்சை ஓலையில் குடிசை போட்டார்கள். தனித்தட்டு, தனிச்சொம்பு, தனிப்பாய். மாமன் சீர் வந்தது. பதினாறு நாள் கழித்து வெளியே வந்தபோது பரீட்சை முடிந்திருந்தது. என் சைக்கிள் தம்பியிடம் போயிருந்தது. ஏன் என்று கேட்டேன். "நீ இப்ப பெரிய மனுசி" என்றாள் ஆயா. அடுத்த வாரம், நிலத்தகராறு பற்றி மாமா பேசிக்கொண்டிருந்தபோது நான் ஏதோ சொல்லப்போக, "பெரிய மனுசியாட்டம் பேசாத" என்று அதே ஆயா அதட்டினாள்.

பெரிய மனுசியாகிவிட்டேன், பெரிய மனுசி போலப் பேசக்கூடாது. முப்பது வருடமாகியும் இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

'பெரிய' என்ற சொல்லை ஆணோடு சேர்த்துப் பாருங்கள். பெரிய மனுசன் என்றால் பணமோ பதவியோ சொல்வாக்கோ உள்ளவர். பெரியதனக்காரர் என்றால் ஊர் நியாயம் பேசுகிறவர். பெரிய கை, பெரிய புள்ளி, பெரிய தலை எல்லாமே அதிகாரத்தின் பெயர்கள். அவற்றைச் சம்பாதிக்க ஆணுக்குப் பாதி ஆயுள் ஆகும். 'மனுசன்' 'மனுசி' ஆனதும் அதே சொல் கீழிறங்கிப் பாவாடைக் கறையில் வந்து நிற்கிறது. அவள் எதையும் சம்பாதிக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதில், ஒரே காலையில், 'பெரிய' ஆகிவிடுகிறாள்.

அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அந்தச் சொல் அவளை நோக்கி வசவாகத்தான் வரும். எதிர்த்துப் பேசினால் 'பெரிய இவ'. துணிந்து நின்றால் 'பெரிய ஜான்சி ராணி'. படித்தால் 'பெரிய கலெக்டரு'. இன்னொருத்தியின் கணவனோடு வாழ்ந்தால் 'சின்ன வீடு'. அவன் மனைவி 'பெரிய வீடு'. இரண்டு பெண்களையும் கட்டடமாக்கி அளந்த மொழி, இரண்டு வாசலிலும் செருப்பைக் கழற்றியவனை அளக்க ஒரு சொல்லும் வைத்திருக்கவில்லை.

வெறும் சொல்தானே, இதற்கு ஏன் இத்தனை கோபம் என்று என் வகுப்பிலேயே கேட்கிறார்கள். சொல் சும்மா இருப்பதில்லை, தோழிகளே. 'பெரிய மனுசியை வீட்டில் வைத்திருக்கிறோம்' என்ற வாக்கியத்தின் அடுத்த வரி 'நல்ல இடம் வந்திருக்கிறது' என்பதுதான். 1929இல் பெண்ணின் மணவயதைச் சட்டம் 14 ஆக்கியது. 1978இல் 18 ஆயிற்று. 2006இல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமே வந்தது. இன்னும் நம் தர்மபுரியில் அதிகாரிகள் போய்த் திருமணங்களை நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் வயதை எண்ணுகிறது. ஊர் உதிரத்தை எண்ணுகிறது. ஊரின் கணக்குக்குச் சான்றிதழ் கொடுப்பது இந்தச் சொல்.

பெண்ணைக் கொண்டாடும் விழா அது என்பார்கள். பத்திரிகை அடித்து, நாற்சந்தியில் பிளக்ஸ் வைத்து, ஒரு சிறுமியின் உடம்புச் செய்தியை ஊருக்கு அறிவித்து, மொய்நோட்டைத் திறந்துவைப்பது யாருடைய கொண்டாட்டம்? அவள் பத்தாம் வகுப்பு தேறியபோது இதே ஊர் பந்தல் போட்டதா?

'பெரிய' என்ற சொல்லைப் பெண்கள் பெற மட்டுமல்ல, வழங்கவும் செய்திருக்கிறார்கள். 1938 நவம்பர் 13 அன்று சென்னையில், நீலாம்பிகை அம்மையார் தலைமையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்று அழைக்கத் தீர்மானித்தது. பெண்களுக்காக ஒருவர் செய்த வேலையைப் பெண்களே நிறுத்துப் பார்த்து அந்தப் பெயரைக் கொடுத்தார்கள். துலாக்கோல் அன்று நம் கையில் இருந்தது.

அதற்கும் வெகுகாலம் முன்பு இதே மண் தகடூர். அதியமான் தனக்கு வைத்துக்கொள்ளாமல் நெல்லிக்கனியைக் கொடுத்தது ஒரு பெண்ணுக்கு. தொண்டைமானிடம் அவன் தூது அனுப்பியதும் அவளைத்தான். ஔவை எந்த நாளில் 'பெரிய மனுசி' ஆனாள் என்று எந்தப் பாட்டிலும் இல்லை. அவளை அளந்தது அவள் சொல்.

எனவே கேட்கிறேன். உங்கள் வீட்டுச் சிறுமிக்கு மாதவிடாய் வந்தால், மாதவிடாய் வந்திருக்கிறது என்று சொல்லுங்கள். துணியும் வெந்நீரும் ஓய்வும் கொடுங்கள். பரீட்சைக்கு அனுப்புங்கள். அவள் குழந்தைதான். என்றைக்காவது அவள் கூடத்தின் நடுவில் நின்று 'இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்' என்பாள். அன்றைக்குச் சொல்லுங்கள், நம் வீட்டில் ஒரு பெரிய மனுசி இருக்கிறாள் என்று.

அதுவரை அவள் சைக்கிளைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள்.