துவிச்சக்கரவண்டியில் ஒலித்த "ரோஜா"

போர்க்காலத்து யாழ்ப்பாணத்தின் கலைவாழ்வை ஆராய்வோர் தொகை பெருகி வருகின்றது. மகிழ்ச்சியே. ஆயினும், இசை பற்றிய இயலுக்கு வந்ததும் அவர்தம் பேனா தயங்கி விடுகின்றது. எழுச்சிப் பாடல் உண்டு. இசை நாடகம் உண்டு. கோயிற் றிருவிழா மேளக்கச்சேரியும் உண்டு. எமது தலைமுறை நாள்தோறுங் கேட்ட திரையிசைக்கு மட்டும் இடமில்லை. கருத்தரங்கொன்றில் இதனை வினவியபோது, "அது எமது மண்ணின் இசையன்று, வணிகச் சரக்கு" என்ற விடையே எனக்குக் கிடைத்தது. அவ்விடை பிழையானது.

1992 ஆகத்தில் மணிரத்தினத்தின் "ரோஜா" வெளியாயிற்று. தமிழில் ஏ. ஆர். ரகுமானின் முதற் படம் அது. வைரமுத்துவின் வரிகளை மின்மினி பாடிய "சின்னச் சின்ன ஆசை" கடல் கடந்தும் பரவிற்று. அப்போது எமக்கு மின்சாரம் இல்லை. 1990 இல் மீண்டும் போர் மூண்டபின் குடாநாடு இருளிற் கிடந்தது. பற்றரியோ தடைசெய்யப்பட்ட பொருள். கிளாலி நீரேரியைக் கடந்து வந்த எவரோ ஒருவரின் பையிலிருந்து அவ்வொலிநாடா எமது ஒழுங்கையை அடைந்தது.

அதனைக் கேட்ட விதம் இன்றைய மாணவருக்குப் புதுமையாகத் தோன்றலாம். துவிச்சக்கரவண்டியைத் தாங்கியில் நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லின் ரயரோடு அழுத்தி, பெடலைக் கையாற் சுழற்றுவோம். டைனமோ தருவது ஆடலோட்டம்; அதனை நேரோட்டமாக்க டயோட்டுகளையும் ஒரு கொள்ளளவியையும் பொருத்திக் கொடுப்பதற்கு ஊருக்கொரு கைதேர்ந்த அண்ணர் இருந்தார். சுழற்றுபவன் சோர்ந்தால் பாடகியின் குரல் இழுபட்டுத் தடிக்கும். உற்சாகங் கொண்டால் சிறு குழந்தையின் குரலாகும். நாடாவின் ஒரு பக்கம் என் பங்கு, மறுபக்கம் மைத்துனனின் பங்கு. இதனால் எனக்கு அப்பாடல்கள் செவியைவிடத் தோள்மூட்டிலேயே அதிகம் நினைவிருக்கின்றன. ரகுமான் சென்னையிலுள்ள தம் கலையகத்தில் மின்னிசைக் கருவிகளால் அடுக்கடுக்காக அமைத்த ஒலிகளிற் பாதி எமது சிறிய ஒலிபெருக்கியிற் கேட்கவேயில்லை. கேட்ட பாதி போதுமாயிருந்தது.

எதிர்த்தரப்பாரிடம் வலுவான வாதமொன்று உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. "ரோஜா" இந்தியத் தேசியத்தைப் போற்றும் படம். அதிலுள்ள "தமிழா தமிழா" என்னும் பாட்டு, தமிழனை விளித்து, அவன் பெயர் இந்தியன் என்று முடிப்பது. 1987 முதல் 1990 வரை இந்தியப் படையை வீட்டு வாசலிற் கண்ட மக்கள் அதனை எங்ஙனம் பாடினர்? பாடினோம் என்பதே உண்மை. முதலடிகளை உரத்துப் பாடினோம். எஞ்சியவற்றை முணுமுணுத்துக் கடந்தோம். எம்மிற் பலர் படத்தையே பார்த்திருக்கவில்லை. பனிமலையும் படைவீரரும் இன்றி, வெறும் ஒலியாகவே "ரோஜா" எமக்கு வந்தது. ஆக்கியோன் கருதாத ஒரு பொருளை எமது இருட்டு அதற்கு அளித்தது. இதனை ஆராயாது வேறெதனை ஆராய்வது?

பாட்டின் பிறப்பிடத்தை மட்டும் நோக்கி, அது சென்றடைந்த செவியை மறத்தல் ஆய்வாகாது. நாட்டுக்கூத்தையும் கற்றோர் ஒருகாலத்தில் இழிவாகவே நோக்கினர். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதனைப் பேராதனை மேடையேற்றிய பின்னரே பலருக்குக் கண் திறந்தது. நித்தி கனகரத்தினத்தின் பொப் பாடல்களைக் கேட்டு முகஞ்சுளித்த பெரியவர்களின் பிள்ளைகள் இன்று அவற்றை மண்வாசனை என்கின்றனர். தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பூடகமாக ஆராய்ந்து பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981 இல் நூல் வெளியிட்டார். அவர் வழிவந்தோர் எனப் பெருமை பேசும் நாமோ ஓர் ஒலிநாடாவைக் கண்டு கூசுகின்றோம்!

மற்றொரு சாராரையும் சொல்லவேண்டும். டைனமோக் கதையை இனிய நினைவாக்கி ஒன்றுகூடல்களிற் சுவைபடச் சொல்வோர் அவர். தந்தையின் ஒரேயொரு சைக்கிளின் ரயர் தேய்ந்ததற்காக வாங்கிய அடியை அவர்கள் மறந்துவிட்டனர்போலும்.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்விற் றவறியவை போக எஞ்சிய ஒலிநாடாக்கள் அலுமாரி அடித்தட்டுகளிற் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. பெடல் சுழற்றியோர் நடுவயதைக் கடக்கின்றனர். டயோட் பொருத்திய அண்ணர்மாரிற் சிலர் இப்போது இல்லை. அடுத்த ஆண்டு மாணவர் ஒருவர் இதனைத் தம் ஆய்வுத் தலைப்பாகக் கொண்டு வருவாராயின், விரிவுரையாள நண்பர்களே, "வேறு தலைப்புப் பாரும்" என்று அவரைத் திருப்பியனுப்பாதீர்கள்.