சட்டத்தரணி ஏன் மறுக்கிறார்?



என் மனைவியின் தமக்கையாருக்கு ஒருநாள் கடும் வயிற்று நோ. இங்குள்ள ஒரு வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். மொழிபெயர்த்தவனும் நான்தான். நோவு மாத்திரை தந்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் குடல்வால் வெடித்தது. இரண்டு கிழமை கட்டிலில் கிடந்து ஒருவாறு தேறி வந்தார்.

"தம்பி, இதுக்கு வழக்குப் போட ஏலாதோ?" என்று கேட்டார். மூன்று சட்டத்தரணிகளிடம் போனோம். மூவரும் மறுத்துவிட்டார்கள். நாங்கள் அகதிகள் என்றபடியால்தான் என்று வீட்டில் பேச்சு வந்தது. அது சரியல்ல என்பதை மூன்றாமவர் விளக்கமாகச் சொன்னார்.

சிகிச்சை பிழைத்துப் போனது மட்டும் வழக்காகாது. கவனமுள்ள ஒரு வைத்தியர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்யவில்லை என்றும், அதனால்தான் இந்தத் தீங்கு வந்தது என்றும் நாங்களே நிரூபிக்க வேண்டும். அதற்கு வேறு வைத்தியர்கள் நிபுணர்களாகச் சாட்சி சொல்ல வேண்டும். அவர்களுடைய கட்டணமே பல்லாயிரம் டொலர். வைத்தியர்களுக்காக வாதாட 1901இல் தொடங்கிய அவர்களது பாதுகாப்புச் சங்கம் நிற்கிறது. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவிலும் ஒரு பங்கு எங்கள் தலையில் விழலாம்.

நோவுக்கும் வேதனைக்கும் கொடுக்கும் நட்டஈட்டுக்கு உச்ச நீதிமன்றம் 1978இல் ஒரு இலட்சம் டொலர் என்று எல்லை வைத்தது. விலைவாசிக்கேற்ப அது இன்று நான்கு இலட்சத்தைத் தாண்டிவிட்டாலும், மிக மோசமான பாதிப்புக்குத்தான் அவ்வளவும் கிடைக்கும். அக்கா சுகப்பட்டு வேலைக்கும் போகிறார். அவருக்குக் கிடைக்கக்கூடியதைவிடச் செலவு கூட. வென்றால் மட்டும் கூலி வாங்கும் சட்டத்தரணி இந்தக் கணக்கைத்தான் முதலில் பார்க்கிறார்.

எங்களைப் போன்றவர்கள் வென்றதும் உண்டு. ஜோன் ரீபல் ஃபோர்ட் கம்பனியில் வேலை செய்தவர். ஆங்கிலம் அவருக்குச் சரளமில்லை. 1970இல் கழுத்து இரத்தக்குழாயில் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதன்பின் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சத்திரசிகிச்சையில் பிழை இல்லை. ஆனால் இப்படியொரு ஆபத்து உண்டென்று வைத்தியர் விளங்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், ஓய்வூதிய உரிமைக்கு இருந்த ஒன்றரை வருடத்தையும் முடித்துவிட்டுத்தான் யோசித்திருப்பேன் என்றார் ரீபல். 1980இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கிடைத்த நட்டஈடு 2,25,000 டொலர்.

ஆகவே, உங்களுக்கு இப்படி நேர்ந்தால், முதலில் வைத்தியக் கோப்பின் பிரதியைக் கேளுங்கள். அது உங்கள் சட்ட உரிமை. ஒன்ராறியோவில் பொதுவாக, விசயம் தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் பதிய வேண்டும். எனவே இந்தத் துறை தெரிந்த சட்டத்தரணியிடம் சுணங்காமல் போங்கள். வழக்கு இல்லையென்றாலும் ஒன்ராறியோ வைத்தியர் மற்றும் சத்திரசிகிச்சையாளர் கல்லூரிக்கு முறைப்பாடு எழுதலாம். கட்டணமில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. பணம் கிடையாது, ஆனால் வைத்தியர் பதில் சொல்லியாக வேண்டும்.

அக்காவும் அப்படித்தான் எழுதினார். அதற்காகக் கோப்பை எடுத்தோம். முதல்நாள் பக்கத்தில் "இலேசான நோ" என்று எழுதியிருந்தது. வீட்டில் நிமிர்ந்து நிற்கமுடியாமல் கிடந்தவர், வைத்தியரைக் கண்டதும் "கொஞ்சம் நோகுது, பரவாயில்லை" என்றார். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். கண்ணால் கண்டதைச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்ட எனக்கு நா எழவில்லை.

அடுத்தமுறை வைத்தியசாலைக்குப் போனால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். நோவை உள்ளபடி சொல்லுங்கள். அங்கே மட்டும் "பரவாயில்லை" என்ற சொல் வேண்டாம்.