ஃபோல்டரை அழிக்கும் முன்

"ஏனுங்க, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சுங்க. இன்னைக்கு 339-னு ஒரு பொட்டி வந்துட்டு மூடிக்குதுங்க." சூலூர்ப் பக்கம் ஓர் எடைமேடையிலிருந்து வந்த போன். போய்ப் பார்த்தால் வெளியே லாரிகள் வரிசை. உள்ளே கேபிள் சரி, எடை காட்டும் கருவியும் சரி. முந்தைய நாள் வந்த சர்வீஸ் தம்பி, பழைய எடை மென்பொருளின் ஃபோல்டர் வீணாகக் கிடக்கிறதென்று அழித்திருக்கிறார். புதிய மென்பொருளும் அங்கே பதிவாகியிருந்த எம்எஸ்காம்32.ஓசிஎக்ஸ் என்ற பாகத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய நிரல்கள் கோவைப் பட்டறைகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் இன்றும் சம்பாதித்துத் தருகின்றன. அவற்றுக்கு எது வந்தாலும் ரெக்எஸ்விஆர்32 போடுகிறோம், கஷாயம் கொடுப்பதுபோல. பதிவை நீக்கும் '/யு' மட்டும் யாருக்கும் நினைவில் வருவதில்லை.

ரெஜிஸ்ட்ரியில் ஒரு பாகத்துக்கு ஒரு பாதைதான். கடைசியாகப் பதிந்ததே நிற்கும். பதிவை நீக்கும் நிரலும் அந்த ஓசிஎக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. கோப்பை முதலில் அழித்துவிட்டால் நீக்க ஆளில்லை. இல்லாத வீட்டின் முகவரி ரெஜிஸ்ட்ரியிலேயே தங்கிவிடும். ஆகவே வேறெந்த மென்பொருள் அதைப் பயன்படுத்துகிறது என்று பார்த்து, பதிவை நீக்கி, அதன் பிறகே கோப்பில் கை வையுங்கள். (இந்தப் பாகங்களின் தொழில்நுட்பத்துக்குப் பெயர் காம். ஆனால் வாடிக்கையாளரிடம் 'காம் பிரச்சினை' என்று சொல்லிவிடாதீர்கள். காம் போர்ட் என்று நினைத்துக் கேபிளை மாற்றிவிடுவார்.)

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் பழைய 32 பிட் கணினிகள் பலவற்றை மாற்ற வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. அதில் 32 பிட் ஓசிஎக்ஸை சிஸ்டம்32-இல் போட்டுவிட்டு 'மாட்யூல் லோடு ஆகவில்லை' என்று புலம்பிப் பயனில்லை. அதன் இடம் சிஸ்வாவ்64. 32-க்கு 64 என்று பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும். பதியும்போது அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையும் தேவை.

நிரல் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்: மேனிஃபெஸ்ட் கோப்பு வைத்துப் பதிவே இல்லாமல் ஓசிஎக்ஸை ஓட்டும் வசதி எக்ஸ்பி காலத்திலிருந்தே உண்டு. அதைப் பயன்படுத்துங்கள்.

சூலூரில் பழைய சிடியிலிருந்து ஓசிஎக்ஸை எடுத்துப் பதிய இரண்டு நிமிடம் ஆனது. அந்த சிடியைத் தேட இரண்டு மணி நேரம்.