தமிழைத் தெரிவு செய்தால் போன் ஏன் சென்னைக்குப் போகிறது?

உங்கள் போனை எடுத்துக் கலண்டரைத் திறந்து பாருங்கள். முதல் நிரலில் எந்த நாள் இருக்கிறது? நோர்வேயில் இருக்கும் உங்களில் அநேகமானோருக்குத் திங்கள். கனடாவில் இருக்கும் மச்சான், மச்சாள்மாருக்கு ஞாயிறு. இப்போது மொழியை மட்டும் தமிழுக்கு மாற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள். பல போன்களில் திங்கள் இரண்டாவது நிரலுக்குத் தள்ளப்பட்டிருக்கும். ஞாயிறு முன்னுக்கு வந்து உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஒஸ்லோவிலேயேதான் இருக்கிறீர்கள். போன் மட்டும் சென்னைக்குப் போய்விட்டது.

சின்ன விசயம் என்று நினைப்பீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒருவர் எந்த மொழியை வாசிக்க விரும்புகிறார் என்பதை வைத்து அவர் எங்கே வாழ்கிறார் என்பதை மென்பொருள் முடிவு செய்யக் கூடாது. இதுதான் என் கட்சி. இது ஏன் இப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம், கோபப்படுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உலகத்தில் உள்ள பெரும்பாலான போன்களுக்கும் கணினிகளுக்கும் பின்னால் ஒரு பெரிய தரவுத் தொகுப்பு இருக்கிறது. அதன் பெயர் சி.எல்.டி.ஆர். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அதே யுனிகோட் அமைப்புதான் இதையும் பராமரிக்கிறது. எந்த மொழியில் மாதங்களுக்கு என்ன பெயர், எந்த நாட்டில் என்ன நாணயம், திகதியில் நாள் முன்னுக்கா மாதம் முன்னுக்கா, எல்லாம் அதற்குள் இருக்கிறது. கிழமையின் முதல் நாளுக்கும் ஓர் அட்டவணை உண்டு. அது மொழிவாரியாக இல்லை, நாடுவாரியாக இருக்கிறது. நோர்வே, பிரித்தானியா, ஜெர்மனி, பிரான்ஸ், சுவிஸ் எல்லாம் திங்கள். கனடா, அமெரிக்கா, ஜப்பான் ஞாயிறு. எகிப்து, குவைத், கட்டார் சனி. மாலைதீவுக்கு வெள்ளி. ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் வார இறுதியைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியதும் அட்டவணையிலும் அந்த நாடு சனியிலிருந்து திங்களுக்கு மாறியது. நாடு மாறினால் தரவும் மாறுகிறது. நல்ல ஏற்பாடுதான்.

தமிழுக்கு அந்தத் தொகுப்பில் நான்கு நாடுகள் இருக்கின்றன: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர். இந்தியாவும் சிங்கப்பூரும் ஞாயிறு, இலங்கையும் மலேசியாவும் திங்கள். அதாவது தமிழர் முறை எது என்று போனைக் கேட்டால் அது இரண்டுக்கு இரண்டு என்றுதான் சொல்லும்.

சிக்கல் தொடங்குவது நாட்டைச் சொல்லாமல் விடும்போது. நீங்கள் வெறுமனே 'தமிழ்' என்று சொன்னால், அந்த மொழிக்குரிய நாடு எது என்று மென்பொருள் ஊகிக்கிறது. தமிழுக்கு ஊகம் இந்தியா. ஆங்கிலத்துக்கு அமெரிக்கா, போர்த்துக்கேய மொழிக்குப் பிரேசில். கூடுதலான ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அந்த நாடு. ஒரு ஊகமாக அதில் பிழையில்லை. ஆனால் போன் எங்கே இருக்கிறது என்று போனுக்கே தெரியும். எந்த நேர வலயம், எந்த நாட்டு சிம் என்பது எல்லாம் தெரிந்துகொண்டு, தமிழ் என்றதும் அத்தனையையும் மறந்துவிட்டு இந்தியா என்று ஊகிப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நாட்டைச் சொல்லலாம் என்று பட்டியலுக்குப் போனாலும் அந்த நான்கும்தான் இருக்கும். தமிழ் (நோர்வே) இல்லை. தமிழ் (கனடா) இல்லை. நாங்கள் இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கே தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். பட்டியலைப் பொறுத்தவரை அப்படி ஒரு ஆள் இல்லை.

சரி, ஒரு நிரல் தள்ளிப்போனால் என்ன குடி முழுகிவிடும்?

நோர்வேயில் படித்தவர்களுக்கு ஊக்கெ எண் தெரியும். மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இங்கே யாரும் ஒக்டோபர் 4 முதல் 8 வரை லீவு என்று சொல்ல மாட்டார்கள். 40ஆம் கிழமை லீவு என்பார்கள். ஒஸ்லோவில் இலையுதிர்கால விடுமுறை 40ஆம் கிழமை, குளிர்கால விடுமுறை 8ஆம் கிழமை. பள்ளிக்கூடம், வேலைத்தலம், பல் வைத்தியர் எல்லோரும் இந்த எண்ணில்தான் பேசுவார்கள். எண்ணுகிற முறை ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரத்திலிருந்து வருவது. கிழமை திங்களில் தொடங்கும், ஆண்டின் முதல் வியாழன் எந்தக் கிழமையில் வருகிறதோ அதுதான் முதலாம் கிழமை. இந்தியா என்று அமைத்த போனோ ஜனவரி 1 எதில் வருகிறதோ அதையே முதலாம் கிழமையாக எடுக்கும், அதுவும் ஞாயிறில் தொடங்கி.

பல ஆண்டுகளில் இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போகும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. 2021இல் ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. நோர்வேக் கணக்கில் அந்த நாள் முந்தைய ஆண்டின் 53ஆம் கிழமை. இந்தியக் கணக்கில் முதலாம் கிழமை. அந்த ஒரு நாளில் பிரிந்த இரண்டு கணக்கும் ஆண்டு முழுவதும் ஒன்று வித்தியாசமாகவே போயின.

எங்களுக்குத் தெரிந்த ஒரு மாமியின் போன் தமிழில் இருந்தது. அவவுக்கு நோர்வேஜிய மொழி பேச வரும், வாசிப்பது கஷ்டம். 2021 இலையுதிர்கால லீவுக்குப் பிள்ளைகளோடு நிற்க வேண்டும் என்று போன் கலண்டரின் ஓரத்தில் 40 என்று இருந்த கிழமையைப் பார்த்து வேலைத்தலத்தில் லீவு எழுதிக் கொடுத்தா. போனின் 40 செப்டெம்பர் 27இல் வந்த கிழமை. பள்ளிக்கூடத்தின் 40 ஒக்டோபர் 4இல் வந்தது. முதல் கிழமை மாமி வீட்டில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அடுத்த கிழமை பிள்ளைகள் வீட்டில், மாமி வேலையில். திரும்ப லீவு கேட்டதற்குக் கிடைக்கவில்லை. மூத்தவனுக்குப் பதினொரு வயது, தம்பியை அவன்தான் பார்த்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு மகன் செய்த வேலை போனை நோர்வேஜிய மொழிக்கு மாற்றியது. கலண்டர் சரியாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து மாமிக்குப் போனில் என்ன வந்தாலும் மகனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கடவுச்சொல் கேட்கிறதா, மருந்து எடுக்க வரச் சொல்கிறதா, எல்லாவற்றுக்கும் தம்பி இதைப் பார், அதைப் பார் என்றுதான். முன்பு தனியாகச் செய்த ஆள். வீட்டு மொழி எப்படிக் குறைகிறது என்று நாங்கள் பெரிய பெரிய காரணங்களைத் தேடுகிறோம். இப்படி ஒரு செற்றிங்கிலும் அது குறைகிறது. தமிழில் வைத்தால் வேலை கெடும் என்று ஒருமுறை பட்டுவிட்டால் யாரும் திரும்பித் தமிழில் வைக்க மாட்டார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஒவ்வொரு வருடமும் ஒரு கலண்டர் அச்சடிப்பார்கள், அது ஞாயிறில்தான் தொடங்கும். திங்களில் தொடங்கினால் என்ன என்று கேட்டதற்கு, ஞாயிறுதான் தமிழர் முறை, அதை இங்கே வந்து மாற்றக் கூடாது என்று ஒரு ஆசிரியர் சொன்னார். அவர் சொல்வதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்றுதான் எல்லோரும் பாடமாக்கினோம். சம்பந்தரின் கோளறு பதிகமும் கோள்களை ஞாயிறிலிருந்துதான் அடுக்குகிறது.

ஆனால் நாட்களைச் சொல்லும் வரிசை வேறு, சுவரில் கட்டம் போடும் வரிசை வேறு. ஜெர்மன் மொழியில் புதன்கிழமைக்குப் பெயர் மிட்வொஹ். கிழமையின் நடு என்று அர்த்தம். ஞாயிறில் தொடங்கினால்தான் புதன் நடுவில் வரும், எண்ணிப் பாருங்கள். 1976இல் ஜெர்மனி தன் தரத்தை மாற்றித் திங்களை முதல் நாள் ஆக்கியது. மிட்வொஹ் அப்படியே இருக்கிறது, அதனால் ஜெர்மன்காரர் யாரும் ஜெர்மன்காரராக இல்லாமல் போகவில்லை. இன்னொன்று, ஊரில் அம்மம்மா வீட்டில் தொங்கியது நாளுக்கொரு தாள் கிழிக்கிற கலண்டர். அதில் நிரலே இல்லை, பிறகு எங்கே முதல் நிரல்? இந்தக் கட்டக் கலண்டரை ஆயிரம் ஆண்டுத் தமிழ் மரபு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொல்லப்போனால் எங்கள் சொல்லே அழகானது. யாழ்ப்பாணத்தில் 'வாற கிழமை' என்றால் அடுத்த வாரம். 'வெள்ளிக்கிழமை' என்றால் ஒரு நாள். ஏழு நாளுக்கும் ஒரு நாளுக்கும் ஒரே சொல். கிழமை என்றால் உரிமை என்றும் பொருள் உண்டு. வெள்ளிக்கு உரிய நாள் வெள்ளிக்கிழமை. நோர்வேஜிய மொழியிலும் ஓடினுக்கு ஒரு நாள், தோருக்கு ஒரு நாள். சனிக்கு மட்டும் கடவுள் இல்லை. லோர்டாக் என்ற சொல்லின் மூலம் குளிக்கிற நாள் என்பது. சனிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகச் சொல்லித் துரத்தும் அம்மம்மாவிடம் இதைச் சொன்னபோது, அவங்களுக்கும் தெரியும்தானே என்றா, பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லாமல்.

கிழமைக்கு அப்பால் போனால் சிக்கல் இன்னும் கூடும். போனில் இலங்கைத் தமிழைத் தெரிவு செய்தாலும் எனக்கு 'அக்டோபர்' என்றுதான் காட்டுகிறது. எங்கள் வீட்டில் அது ஒக்டோபர். சித்திரை, வைகாசி என்று போகும் தமிழ் மாதங்களுக்கு அந்தத் தொகுப்பில் ஒரு கலண்டரே கிடையாது. இந்திய தேசிய கலண்டர் இருக்கிறது, 1957இல் அரசு ஏற்றுக்கொண்ட சக ஆண்டுக் கணக்கு. அதன் முதல் மாதமான சைத்ரா தொடங்குவது மார்ச் 22. நாங்கள் புத்தாண்டு கொண்டாடுவது ஏப்ரல் 14 அளவில். அதைத் தமிழ்க் கலண்டர் என்று நினைத்து யாரும் போட்டுவிடாதீர்கள். எங்கள் பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. கோடையில் பல கிழமைகள் சூரியன் மறையாத பின்மார்க்கில் எண்பதுகளிலிருந்து மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த தமிழர்கள் இருக்கிறார்கள். அங்கே நாள் எப்போது தொடங்கும் என்பதை நான் பஞ்சாங்கக்காரரிடமே விட்டுவிடுகிறேன்.

உங்களில் புரோகிராமிங் படிப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஜாவாஸ்கிரிப்டில் நாளைக் கேட்டால் ஞாயிறு 0. பைத்தானில் திங்கள் 0. ஆகவே முதல் நாளை எண்ணாக உங்கள் கோடில் எழுதி வைக்காதீர்கள், நாட்டைக் கேட்டு எடுங்கள். மொழியைக் கேட்டு எடுக்காதீர்கள். அடுத்தது, நாட்களின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் வெட்டிக் கட்டத்தின் தலையில் போடும் பழக்கம். ஆங்கிலத்துக்கு எழுதிய அந்த வரி தமிழுக்கு ஓடும்போது குறியை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் எடுக்கும். வருவது ஞ, த, ச, ப, வ, வ, ச. செவ்வாயும் சனியும் ஒன்று, வியாழனும் வெள்ளியும் ஒன்று. ஒழுங்காக எடுத்தால் ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று ஏழும் ஏழு விதமாக இருக்கும். ஆங்கிலத்தில்கூட அது கிடைக்காது. யூனும் யூலையும்தான் எங்களுக்குக் கொஞ்சம் தகராறு, இரண்டுக்கும் அந்தத் தொகுப்பில் 'ஜூ'. மாதப் பெயர் போன்றவை பிழை என்று பட்டால் யுனிகோட் அமைப்புக்கு யாரும் எழுதலாம். ஒக்டோபருக்காக நான் எழுதப் போகிறேன்.

வீட்டில் செய்யக்கூடியது இது. ஐபோனில் மொழி வேறு, பிரதேசம் வேறு. மொழியைத் தமிழாக வைத்துக்கொண்டு பிரதேசத்தை நோர்வே ஆக்கலாம். ஆண்ட்ராய்ட் 14 முதல் கிழமையின் முதல் நாளைத் தனியாகத் தெரிவு செய்ய மொழி அமைப்புகளுக்குள் இடம் இருக்கிறது. ஆனால் திங்களை முன்னுக்குக் கொண்டுவந்தால் மட்டும் கிழமை எண் திருந்திவிடாது, அதற்கு ஜனவரிக் கணக்கும் மாற வேண்டும். இலங்கை என்று வைத்தாலும் நிரல் சரிவரும், எண் சரிவராது. சில கலண்டர் செயலிகள் எண்ணை எப்படிக் கணக்கிடுவது என்று தனியாகக் கேட்கும், உள்ளே தேடிப் பாருங்கள்.

2027 ஜனவரி 1 திரும்பவும் வெள்ளிக்கிழமை. 2021 போலவே அந்த ஆண்டும் முழுவதும் ஒன்று தள்ளிப்போகும். அம்மா, அப்பா, அம்மம்மா யாருடைய போன் தமிழில் இருக்கிறதோ அதை வாங்கி, கலண்டரில் அந்த நாள்வரை தள்ளிக்கொண்டு போய் ஓரத்து எண்ணைப் பாருங்கள். 53 என்றால் ஒஸ்லோ. 1 என்றால் போன் இன்னும் வந்து சேரவில்லை.